யெல்லோஸ்டோனுக்கு ஆர்.வி.யில் போகிறீர்களா? முதலில் இடம், அப்புறம்தான் வண்டி

2025 ஜூலையில் நான், மனைவி, இரண்டு பிள்ளைகள், ஊரிலிருந்து வந்திருந்த அம்மா என ஐந்து பேர் சால்ட் லேக் சிட்டியில் ஒரு ஆர்.வி.யை (படுக்கை, அடுப்பு, கழிவறை எல்லாம் உள்ளேயே இருக்கிற வீட்டு வண்டி) வாடகைக்கு எடுத்து, கிராண்ட் டீட்டன், யெல்லோஸ்டோன் என்கிற இரண்டு அமெரிக்கத் தேசியப் பூங்காக்களையும் ஏழு இரவுகளில் சுற்றி வந்தோம். பயணம் அருமையாக இருந்தது. ஆனால் அதற்கு முந்தைய ஏழு மாதமும் எங்களை வாட்டி எடுத்தன. எதை முதலில் செய்ய வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை, நானும் எல்லாவற்றையும் தலைகீழாகச் செய்தேன். டிசம்பரில் 30 அடி வண்டியை பதிவு செய்துவிட்டு, அப்புறம்தான் தங்குமிடம் தேட உட்கார்ந்தேன். அந்த நீளத்துக்கு இடம் கிடைக்கவில்லை. வண்டியை மாற்றியதற்கு 200 டாலர் போனது. நீங்களாவது இந்த வரிசையில் செய்யுங்கள்.

1. மாதத்தை முடிவு செய்யுங்கள்

ஜூலை நடுவிலிருந்து செப்டம்பர் நடு வரைதான் புதியவர்களுக்கு நல்ல காலம். மே கடைசியிலும் ஜூன் முதல் வாரங்களிலும் மலைச் சாலைகளில் பனி பெய்யும், சில கேம்ப்கிரவுண்டுகள் (வண்டியை நிறுத்தி இரவு தங்கும் இடங்கள்) திறந்தே இருக்காது. ஜூலை, ஆகஸ்டில் கூட்டம் நெரியும். பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள் இல்லை என்றால் செப்டம்பர் முதல் திங்களன்று வருகிற அமெரிக்கத் தொழிலாளர் தின விடுமுறை முடிந்த அடுத்த வாரம் போங்கள், நான் பார்த்தவரை அதுதான் சிறந்தது. கூட்டம் குறைகிறது, எல்க் மான்கள் கத்துகிற பருவமும் அதுதான். குளிர் மட்டும் அதிகம். ஜூலையிலேயே எங்களுக்கு அதிகாலையில் 3 டிகிரி செல்சியஸ் இருந்தது, ஏனென்றால் யெல்லோஸ்டோனின் பெரும்பாலான கேம்ப்கிரவுண்டுகள் ஏழாயிரம் அடிக்கு மேல் இருக்கின்றன. ஊட்டியின் உயரம் அது. அதனால் கோடை என்று நினைத்து ஸ்வெட்டர் இல்லாமல் போகாதீர்கள்.

2. தங்குமிடத்தைப் பிடியுங்கள் (இதுதான் எல்லாவற்றுக்கும் முதல்)

யெல்லோஸ்டோனில் கேம்ப்கிரவுண்டுகள் இரண்டு கைகளில் இருக்கின்றன, இது தெரியாமல் நான் ஒரு வாரம் தவறான தளத்தில் தேடிக்கொண்டிருந்தேன். மேடிசன், கேன்யன், கிராண்ட் வில்லேஜ், பிரிட்ஜ் பே, ஃபிஷிங் பிரிட்ஜ் ஆகிய ஐந்தையும் ஸான்டெரா என்கிற ஒப்பந்த நிறுவனம் நடத்துகிறது, அவர்களுடைய யெல்லோஸ்டோன் லாட்ஜஸ் தளத்தில்தான் பதிவு செய்ய வேண்டும், அதுவும் ஒரு வருஷத்துக்கு முன்பே திறந்துவிடுகிறார்கள். மாமத், லூயிஸ் லேக் போன்ற மற்றவற்றை பார்க் நிர்வாகமே நடத்துகிறது. அவற்றை ரெக்ரியேஷன்.கவ் தளத்தில் பதிவு செய்யலாம். கிராண்ட் டீட்டனில் உள்ள பெரும்பாலான கேம்ப்கிரவுண்டுகளும் இதே தளத்தில்தான்.

ரெக்ரியேஷன்.கவ்வில் பெரும்பாலும் ஆறு மாதக் கணக்கு. ஜூலை 10 போய் இறங்க வேண்டும் என்றால் ஜனவரி 10 அன்று மவுண்டன் டைம் (பார்க் இருக்கிற பகுதியின் நேரம்) காலை எட்டு மணிக்கு இடங்கள் திறக்கும். நியூ ஜெர்சியில் இருக்கிற எங்களுக்கு அது பத்து மணி, டெக்ஸஸ்காரர்களுக்கு ஒன்பது. நல்ல இடங்கள் ஐந்து நிமிஷம்கூட நிற்பதில்லை. அதனால் முதல் நாளே கணக்கு தொடங்கி, கார்டு விவரம் சேமித்து, எந்தெந்த எண் இடங்கள் உங்கள் வண்டிக்குப் பொருந்தும் என்று நான்கைந்தை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். மனைவி ஒரு கணினி, நான் ஒரு கணினி என்று உட்கார்ந்துதான் டீட்டனில் உள்ள கோல்டர் பேயில் இரண்டு இரவு பிடித்தோம்.

கிடைக்கவில்லை என்றால் மனம் தளர வேண்டாம். ரத்தாகிற இடங்கள் தினமும் திரும்பி வரும், குறிப்பாகப் பயணத்துக்கு இரண்டு மூன்று வாரம் முன்னால். ரெக்ரியேஷன்.கவ் தளத்திலேயே இடம் காலியானால் தகவல் அனுப்பச் சொல்லி வைக்கலாம். மேடிசனில் எங்களுக்குக் கிடைத்ததும் ரத்தான இடம்தான், ஆனால் அது ஸான்டெரா தளம் என்பதால் தினமும் காலையில் காபி குடிக்கும்போது நானே போய்ப் பார்த்துப் பார்த்துப் பிடித்தேன்.

இடம் தேர்ந்தெடுக்கும்போது இரண்டு விஷயம் பாருங்கள். ஒன்று ஹுக்கப். தண்ணீர், மின்சாரம், கழிவுக் குழாய் மூன்றும் இருக்கிற முழு ஹுக்கப் இடம் யெல்லோஸ்டோனுக்குள் ஃபிஷிங் பிரிட்ஜில் மட்டும்தான். டீட்டன் பக்கம் கோல்டர் பே ஆர்.வி. பார்க்கிலும், இரண்டு பார்க்குகளுக்கும் நடுவே ஃபிளாக் ராஞ்சில் இருக்கிற ஹெட்வாட்டர்ஸிலும் உண்டு. மற்ற இடங்களில் பெரும்பாலும் வெறும் நிறுத்துமிடம், மேசை, நெருப்பு வளையம், அவ்வளவுதான். இன்னொன்று, ஃபிஷிங் பிரிட்ஜ் கிரிஸ்லி கரடிகள் நடமாடுகிற இடம் என்பதால் அங்கே கூடாரத்துக்கும் துணி மடிப்பு டிரெய்லருக்கும் அனுமதி இல்லை, நெருப்பு மூட்டவும் கூடாது. இரவில் நெருப்பைச் சுற்றி உட்கார வேண்டும் என்று பிள்ளைகள் ஆசைப்பட்டால் ஒரு இரவாவது மேடிசன் போன்ற இடத்தில் போடுங்கள்.

நாங்கள் கடைசியில் போட்ட கணக்கு: வழியில் ஒரு இரவு, கோல்டர் பே இரண்டு, ஃபிஷிங் பிரிட்ஜ் இரண்டு, மேடிசன் இரண்டு. மூன்றாம் நாள், ஐந்தாம் நாள் என்று அவ்வப்போது ஹுக்கப் கிடைப்பதுபோல் அமைத்துக்கொண்டால் கழிவுத் தொட்டி பற்றிய கவலை பாதி குறையும்.

3. இடத்தின் நீளத்துக்குத் தகுந்த வண்டி

ஒவ்வொரு இடத்துக்கும் எத்தனை அடி வண்டி நிற்கலாம் என்று தளத்தில் போட்டிருப்பார்கள். லூயிஸ் லேக்கில் 25 அடி, டீட்டனில் உள்ள சிக்னல் மவுண்டனில் 30 அடி. வாடகை நிறுவனம் 25 அடி என்று சொல்கிற வண்டி பின்பக்க ஏணி, பம்பர் எல்லாம் சேர்த்து இன்னும் ஒரு அடி கூட வரலாம், உண்மையான நீளத்தைக் கேட்டு எழுதி வாங்குங்கள். முதல் தடவை ஓட்டுகிறவர்கள் 25 அடி கிளாஸ் சி வண்டியைத் தாண்டாதீர்கள். கிளாஸ் சி என்றால் ஓட்டுநர் தலைக்கு மேல் ஒரு படுக்கை நீட்டிக்கொண்டிருக்குமே, அது.

எத்தனை பேர் படுக்கலாம் என்பதைப் பார்க்காதீர்கள், எத்தனை சீட் பெல்ட் என்று பாருங்கள். இரண்டும் ஒன்றல்ல. குழந்தை இருக்கை வைக்க வேண்டியவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். சாப்பாட்டு மேசையின் இரண்டு பெஞ்சுகளில் ஒன்று பின்னோக்கி இருக்கும், அதில் குழந்தை இருக்கை வைக்கக் கூடாது. முன்னோக்கிய பெஞ்சில் பெல்ட்டும், இருக்கையின் மேல்பட்டையை மாட்டும் கொக்கியும் இருக்கிறதா என்று பதிவு செய்யும்போதே கேளுங்கள். தலைக்கு மேல் படுக்கைக்கு ஏணி ஏற வேண்டும், முழங்கால் வலி இருக்கிற பெரியவர்களுக்கு அது ஆகாது. அம்மாவுக்குப் பின்பக்கப் படுக்கையைக் கொடுத்துவிட்டு நாங்கள் மேலே ஏறினோம்.

4. வாடகை ஒப்பந்தத்தை வரி வரியாகப் படியுங்கள்

விளம்பரத்தில் இருப்பது ஒரு இரவு வாடகை மட்டும்தான். எங்களுக்கு அது 185 டாலர், ஏழு இரவுக்கு 1,295. அதற்கு மேல் மைலுக்கு 40 சென்ட் வீதம் சுமார் ஆயிரம் மைலுக்கு 400. பாத்திரம், படுக்கை விரிப்பு பெட்டிகளுக்கு 260, கூடுதல் காப்பீட்டுக்கு 210, ஜெனரேட்டர் மணிக்கணக்கு தனி, வரி தனி. பெட்ரோல் 390 ஆனது, ஏனென்றால் வண்டி ஒரு கேலனுக்கு ஒன்பது மைல்தான் கொடுத்தது. கேம்ப்கிரவுண்டுகள் சேர்த்து 530. மொத்தத்தில் விமான டிக்கெட் இல்லாமல் 3,400 டாலரைத் தாண்டியது. ஹோட்டலும் வாடகைக் காரும் எடுத்திருந்தால் இதே அளவோ கொஞ்சம் குறைவாகவோ வந்திருக்கும். மலிவு என்று நினைத்து ஆர்.வி. எடுக்க வேண்டாம். பார்க்குக்குள்ளேயே தூங்கி, விடியற்காலையில் காட்டெருமைகள் நடந்து போவதைப் படுக்கையிலிருந்தே பார்க்க வேண்டும், நம் சாப்பாட்டை நாமே சமைத்துச் சாப்பிட வேண்டும் என்றால் எடுங்கள். எனக்கு அது அந்தப் பணத்துக்குத் தகுந்ததுதான்.

பாத்திரப் பெட்டியை வாங்காமல் வீட்டிலிருந்து ஒரு குக்கர், ஒரு வாணலி, கரண்டி கொண்டுபோனால் நூறு டாலர் மிச்சம். விரிப்புக்கு பதில் விமானப் பெட்டியில் இரண்டு போர்வை வைத்துக்கொள்ளலாம்.

காப்பீடுதான் பெரிய பொறி. உங்கள் கிரெடிட் கார்டு வாடகைக் காருக்குத் தருகிற காப்பீடு பெரும்பாலும் ஆர்.வி.க்குச் செல்லாது. உங்கள் சொந்த கார் காப்பீடு செல்லுமா என்று நிறுவனத்தைக் கூப்பிட்டுக் கேட்டு, பதிலை மின்னஞ்சலில் வாங்குங்கள். வாடகை நிறுவனம் விற்கிற காப்பீட்டிலும் கூரைச் சேதம், அடிப்பக்கச் சேதம் இரண்டையும் விலக்கி வைத்திருப்பது வழக்கம். கூரை எதற்கு இடிக்கும் என்று கேட்காதீர்கள். பெட்ரோல் பங்க் கூரை, வங்கி வாசல், தாழ்ந்த மரக்கிளை எல்லாம் இடிக்கும்.

5. காகிதங்களும் நுழைவுச் சீட்டும்

சாதாரண ஓட்டுநர் உரிமமே போதும், தனி உரிமம் தேவையில்லை. ஓட்டப் போகிற ஒவ்வொருவர் பெயரும் ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும். முன்பணத்துக்கு அதே பெயரில் கிரெடிட் கார்டு கேட்பார்கள், எங்களிடம் 500 டாலர் பிடித்து வைத்தார்கள். குறைந்த வயது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும், பல இடங்களில் 25. இந்திய உரிமத்தோடு வருகிறவர்கள் சர்வதேச ஓட்டுநர் அனுமதியை ஊரிலேயே எடுத்து வர வேண்டும், இங்கே வந்தபின் எடுக்க முடியாது.

குடியுரிமை இல்லாதவர்கள் கிரீன் கார்டையோ, பாஸ்போர்ட்டையும் ஐ-94 (அமெரிக்காவுக்குள் வந்ததற்கான பதிவு) நகலையும் எப்போதும் கூடவே வைத்திருங்கள். பதினெட்டு வயதும் அதற்கு மேலும் உள்ளவர்கள் இந்தப் பதிவுச் சான்றைக் கையில் வைத்திருக்க வேண்டும் என்பது சட்டம்.

நுழைவுக் கட்டணம் ஒவ்வொரு பார்க்குக்கும் தனியார் வண்டிக்கு 35 டாலர், ஏழு நாளுக்குச் செல்லும். இரண்டு பார்க் என்றால் 70. 80 டாலர் கொடுத்து அமெரிக்கா தி பியூட்டிஃபுல் ஆண்டுச் சீட்டு வாங்கினால் ஒரு வருஷம் எல்லாத் தேசியப் பூங்காக்களுக்கும் செல்லும், அதை வாங்குங்கள். ஆனால் 2026 ஜனவரி 1 முதல் அந்த 80 டாலர் விலை அமெரிக்காவில் குடியிருப்பவர்களுக்கு மட்டும், அடையாள அட்டை காட்ட வேண்டும். வெளிநாட்டவருக்கு ஆண்டுச் சீட்டு 250 டாலர். அது இல்லாமல் போனால் யெல்லோஸ்டோன், டீட்டன், கிளேசியர் உள்ளிட்ட 11 பார்க்குகளில் 16 வயதும் அதற்கு மேலும் உள்ள ஒவ்வொருவருக்கும் வழக்கமான கட்டணத்தோடு 100 டாலர் கூடுதல். அப்பா அம்மா ஊரிலிருந்து வந்திருந்தால் இந்த விதியைப் பார்க்கின் கட்டணப் பக்கத்தில் படித்துவிட்டு, எந்தச் சீட்டு வாங்குவது என்று வீட்டிலிருக்கும்போதே முடிவெடுங்கள். வாசலில் பின்னால் இருபது வண்டி நிற்கும்போது யோசிக்க முடியாது.

6. வழி

சால்ட் லேக்கிலிருந்து வடக்கே பிரிகம் சிட்டி, லோகன், பேர் லேக், அஃப்டன், ஆல்பைன் வழியாக ஜாக்ஸன் போய், அங்கிருந்து டீட்டன். திரும்பும்போது வெஸ்ட் யெல்லோஸ்டோன், ஐடஹோ ஃபால்ஸ், அப்புறம் ஐ-15 பிடித்தால் நேரே சால்ட் லேக். இப்படி வட்டமாகப் போனால் பெரும்பாலும் ஒரே சாலையில் திரும்ப வேண்டியதில்லை. அஃப்டனில் நடுத்தெருவில் ஆயிரக்கணக்கான மான் கொம்புகளால் கட்டிய வளைவு ஒன்று நிற்கிறது, பிள்ளைகளுக்காக ஐந்து நிமிஷம் நிறுத்தலாம்.

முக்கியமான எச்சரிக்கை: சில நேரம் கைபேசி வரைபடம் விக்டர் ஊரிலிருந்து டீட்டன் பாஸ் ஏறி ஜாக்ஸன் போகச் சொல்லும். போகாதீர்கள். பத்து சதவீதச் சரிவு, பிரேக் சூடாகிவிடும். ஆல்பைன் வழியாக ஸ்னேக் ஆற்றை ஒட்டி வருகிற சாலைதான் உங்களுக்கு.

7. வண்டியை வாங்கும் நாள்

மதியம்தான் கொடுப்பார்கள், விளக்கம் கேட்டு, கையெழுத்து போட்டு, காய்கறி வாங்கிக் கிளம்பும்போது ஐந்து மணி ஆகிவிடும். அன்றே ஜாக்ஸன் போக நினைக்காதீர்கள். ஒரு மணி நேரத் தூரத்தில் தனியார் கேம்ப்கிரவுண்ட் ஒன்றில் முதல் இரவு தங்குங்கள். எது வேலை செய்யவில்லை என்று அங்கே தெரிந்தால் அடுத்த நாள் காலையில் திரும்பிப் போய்ச் சரிசெய்து வரலாம். எங்கள் வண்டியில் தண்ணீர் மோட்டார் ஓடவில்லை, முதல் இரவில்தான் தெரிந்தது, பக்கத்திலேயே இருந்ததால் தப்பித்தோம்.

கிளம்புவதற்கு முன் உள்ளேயும் வெளியேயும் சுற்றி வந்து வீடியோ எடுங்கள், கூரையின் ஓரங்கள், கண்ணாடி, டயர், பின்பக்க மூலைகள் எல்லாம். அடுப்பு, ஹீட்டர், வெந்நீர், ஜெனரேட்டர், தண்ணீர் மோட்டார் ஐந்தையும் உங்கள் கையால் ஓட்டிப் பாருங்கள். குளிர்பெட்டி குளிராக பல மணி நேரம் ஆகும், முந்தைய நாளே போட்டு வைக்கச் சொல்லி ஒரு மின்னஞ்சல் அனுப்பினால் பால் கெடாது. வண்டியின் உயரத்தை ஒரு சிறு தாளில் எழுதி ஓட்டுநர் கண்ணெதிரே ஒட்டுங்கள்.

8. ஓட்டும்போது

நீளத்தைவிட வால்பக்கம்தான் ஆபத்து. பின் சக்கரத்துக்குப் பின்னால் பல அடி வண்டி நீட்டிக்கொண்டிருக்கும், இடப்பக்கம் ஒடித்தால் வால் வலப்பக்கம் வீசும். ஒரு பெட்ரோல் பங்கில் கிளம்பும்போது நான் சீக்கிரம் ஒடித்துவிட்டேன், மஞ்சள் கம்பத்தில் பின்மூலை உரசியது. ஒரு சாண் நீளக் கீறலுக்கு 650 டாலர் கட்ட வேண்டி வந்தது. முதலில் வண்டி நீளம் நேரே முன்னால் போய்விட்டு, அப்புறம் ஒடியுங்கள். பின்னால் எடுக்கும்போது ஒருவர் இறங்கி நிற்காமல் எடுக்கவே எடுக்காதீர்கள்.

இறக்கத்தில் பிரேக்கை மிதித்துக்கொண்டே போகாமல் கியரைக் குறையுங்கள். யெல்லோஸ்டோனுக்குள் வேகம் பெரும்பாலும் மணிக்கு 45 மைல்தான். பின்னால் வண்டிகள் சேர்ந்துவிட்டால் ஒதுங்குமிடம் வரும்போது ஒதுங்கி விட்டுவிடுங்கள். டீட்டனில் மூஸ்-வில்ஸன் சாலையிலும், சிக்னல் மலை உச்சிச் சாலையிலும், யெல்லோஸ்டோனில் மாமத்தின் மேல்தட்டு வளையத்திலும் ஆர்.வி. போகக் கூடாது. நுழைவிடத்திலேயே பலகை இருக்கும், ஆனால் அதற்கப்புறம் திரும்ப இடம் இருக்காது, அதனால் முன்பே தெரிந்து வைத்திருங்கள்.

9. தண்ணீர், கழிவு, மின்சாரம்

எல்லோரும் பயப்படுகிற பகுதி இது. பயப்பட ஒன்றுமில்லை, வரிசை மாறாமல் இருந்தால் போதும். வண்டிக்கு அடியில் இரண்டு தொட்டி. ஒன்று கழிவறைக்கு, அதைக் கருப்புத் தொட்டி என்பார்கள். இன்னொன்று பாத்திரம் கழுவிய, குளித்த தண்ணீருக்கு, அது சாம்பல் தொட்டி. கையுறை போட்டு, குழாயின் ஒரு முனையை வண்டியில் திருகி மாட்டி, மறுமுனையைத் தரையில் உள்ள துளையில் அழுத்தி, அது எழும்பாதபடி ஒரு கல்லை மேலே வைத்து, முதலில் கருப்பு வால்வைத் திறக்க வேண்டும். கடகடவென்று சத்தம் வரும், குழாய் குலுங்கும், அப்புறம் சத்தம் மெல்ல அடங்கும். அடங்கியதும் மூடிவிட்டுச் சாம்பல் வால்வைத் திறந்தால் சோப்புத் தண்ணீர் குழாயைக் கழுவிக்கொண்டு போய்விடும். மாற்றித் திறந்தால் குழாய் நாறும். அவ்வளவுதான் வித்தை.

முழு ஹுக்கப் இடத்தில் இருந்தாலும் கருப்பு வால்வைத் திறந்தே போட்டு வைக்காதீர்கள். தண்ணீர் வடிந்து போய் கெட்டியானது மட்டும் அடியில் தங்கி இறுகிவிடும். தொட்டி முக்கால் நிறைந்தபின் திறந்துவிடுங்கள். கழிவறையில் ஆர்.வி.க்கென்று விற்கிற தாளைத் தவிர எதுவும் போடக் கூடாது. குடிநீர்க் குழாயும் கழிவுக் குழாயும் ஒன்றை ஒன்று தொடாமல் வேறு வேறு பெட்டியில் இருக்கட்டும். நம் வீட்டுப் பெரியவர்களுக்குத் தண்ணீர்ப் பழக்கம் வேறு, அதனால் ஒரு சின்னக் குவளையும், தொட்டி சீக்கிரம் நிறையும் என்கிற விளக்கமும் முதல் நாளே கொடுத்துவிடுங்கள்.

ஹுக்கப் இல்லாத இடத்தில் பேட்டரியில் விளக்கு, தண்ணீர் மோட்டார், ஹீட்டரின் விசிறி இவைதான் ஓடும். மைக்ரோவேவ், ரைஸ் குக்கர், மிக்ஸி ஓடாது. ஜெனரேட்டரை இரவில் போடக் கூடாது, எந்த மணியிலிருந்து எந்த மணி வரை என்று ஒவ்வொரு கேம்ப்கிரவுண்டிலும் எழுதியிருப்பார்கள். கைபேசிகளை வண்டி ஓடும்போதே சார்ஜ் போட்டுக்கொள்ளுங்கள்.

10. சமையலும் கரடியும்

அந்த உயரத்தில் தண்ணீர் 92 டிகிரியிலேயே கொதித்துவிடும். கொதிப்பதைப் பார்த்து வெந்துவிட்டது என்று நினைப்போம், வெந்திருக்காது. பார்க்கில் முதல் நாள் திறந்த பாத்திரத்தில் வைத்த துவரம்பருப்பு ஒரு மணி நேரம் கழித்தும் பல்லில் நறநறத்தது. குக்கர் கட்டாயம், வழக்கத்தைவிட இரண்டு விசில் கூட விடுங்கள். இட்லி மாவு அந்தக் குளிரில் பொங்காது, புளித்த மாவைக் கொண்டுபோய் தோசை ஊற்றுவதே சரி. புளிக்காய்ச்சல், பருப்புப்பொடி, வறுத்து வைத்த ரவை மூன்றும் இருந்தால் ஒரு வாரம் ஓட்டலாம். ஃபிஷிங் பிரிட்ஜ் கடையில் பாலும் ரொட்டியும் கிடைக்கும், கறிவேப்பிலை கிடைக்காது. சால்ட் லேக்கில் இந்தியக் கடைகள் இருக்கின்றன, அங்கேயே வாங்கிவிடுங்கள்.

வண்டிக்குள் மிளகாய் தாளித்தால் புகை அலாரம் அலறும். அம்மா முதல் நாள் இரவு ஒன்பதரைக்கு ரசத்துக்குத் தாளித்தார், பக்கத்து வண்டிக்காரர்கள் டார்ச்சோடு ஓடி வந்தார்கள். மேல் துவாரத்தைத் திறந்து, விசிறியைப் போட்டுவிட்டு, தாளிப்பதை மட்டும் மாலையிலேயே முடித்துவிடுங்கள். அலாரத்தின் பேட்டரியைக் கழற்றி வைக்கும் வேலை வேண்டவே வேண்டாம், கேஸ் அடுப்பும் ஹீட்டரும் ஓடுகிற மூடிய வண்டி அது.

சாப்பாட்டு வாசனை கரடியைக் கூட்டி வரும். மேசையில் ஒரு தட்டு, ஒரு எண்ணெய்ப் புட்டி, ஐஸ் பெட்டி, பற்பசைகூட வெளியே இருக்கக் கூடாது, கழிப்பறைக்குப் போய்விட்டு வருகிற நேரத்துக்குக்கூட. எல்லாம் வண்டிக்குள், கதவு சாத்தி. பாத்திரம் கழுவிய தண்ணீரைத் தரையில் கொட்டாதீர்கள். நடக்கப் போகும்போது கரடி ஸ்ப்ரே கையில் எட்டுகிற இடத்தில் இருக்க வேண்டும். அதை விமானத்தில் கொண்டுபோக முடியாது, அனுப்பும் பெட்டியிலும் முடியாது, அதனால் அங்கேயே வாங்குங்கள். கரடி, ஓநாய் என்றால் 100 கெஜம், காட்டெருமை, எல்க் என்றால் 25 கெஜம் தள்ளி நிற்க வேண்டும். காட்டெருமை மாடு மாதிரி சாதுவாகத்தான் தெரியும், நம்பிக் கிட்டே போகாதீர்கள். வாலைத் தூக்கினால் பின்வாங்குங்கள்.

11. பார்க்குக்குள் ஒரு நாள்

உங்கள் வீடும் வண்டியும் ஒன்றே என்பதால், ஒவ்வொரு முறை கிளம்பும்போதும் எல்லாவற்றையும் கழற்றி, அலமாரிக் கதவுகளைப் பூட்டி, படிக்கட்டை மடக்க வேண்டும். அதற்கு அரை மணி. ஏழு மணிக்கு வண்டி நகர்ந்துவிட வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். கிராண்ட் பிரிஸ்மாட்டிக் ஊற்று இருக்கிற மிட்வே நிறுத்துமிடம் சின்னது, காலை ஒன்பதுக்கு மேல் 25 அடி வண்டிக்கு இடம் கிடைப்பது கஷ்டம். ஓல்டு ஃபெயித்ஃபுல் என்கிற பீய்ச்சி அடிக்கும் வெந்நீர் ஊற்றில் பெரிய வண்டிகளுக்கு இடம் உண்டு, அதை மதியத்துக்கு வைக்கலாம். சுமார் ஒன்றரை மணி நேரத்துக்கு ஒரு தடவை பீய்ச்சும், அடுத்தது எப்போது என்று பார்வையாளர் மையத்தில் எழுதிப் போடுகிறார்கள், வண்டியிலேயே தயிர்சாதம் சாப்பிட்டுவிட்டுப் போய் உட்கார்ந்தோம்.

கைபேசி சிக்னல் பெரும்பாலான இடங்களில் இருக்காது. தேசியப் பூங்காச் செயலியை வீட்டிலேயே இறக்கி, யெல்லோஸ்டோன், டீட்டன் இரண்டையும் இணையம் இல்லாமல் பார்க்கும்படி சேமித்துவிடுங்கள். கேம்ப்கிரவுண்ட் உறுதிச் சீட்டுகளைத் தாளில் அச்செடுங்கள். பெட்ரோல் பார்க்குக்குள்ளேயே கேன்யன், ஃபிஷிங் பிரிட்ஜ், ஓல்டு ஃபெயித்ஃபுல் போன்ற இடங்களில் கிடைக்கும், பாதித் தொட்டி ஆனதும் போட்டுவிடுங்கள்.

12. கிளேசியரையும் சேர்க்கலாமா?

ஏழு நாளில் வேண்டாம். வெஸ்ட் யெல்லோஸ்டோனிலிருந்து ஏறக்குறைய 400 மைல், ஆர்.வி.யில் ஒரு முழு நாள் போய்விடும். பத்துப் பன்னிரண்டு நாள் இருந்தால் போங்கள், ஆனால் அங்கே எல்லோரும் பார்க்கப் போகிற கோயிங்-டு-தி-ஸன் சாலையில் அவலாஞ்ச் கேம்ப்கிரவுண்டுக்கும் ரைஸிங் ஸன்னுக்கும் நடுவே 21 அடிக்கு மேல் நீளமோ, கண்ணாடியோடு சேர்த்து 8 அடிக்கு மேல் அகலமோ உள்ள வண்டி போகக் கூடாது. அகலத்தாலேயே வாடகை ஆர்.வி. அடிபட்டுவிடும். ஷட்டில் பேருந்துக்கோ சிவப்புச் சுற்றுலாப் பேருந்துக்கோ ஒரு நாள் ஒதுக்க வேண்டும், சிவப்புப் பேருந்து என்றால் பணமும். அந்தச் சாலை முழுதாகத் திறப்பதும் பொதுவாக ஜூன் கடைசியிலோ ஜூலையிலோதான். பக்கத்திலேயே இருக்கிற கனடாவின் வாட்டர்ட்டனுக்கும் போய் வரலாம் என்று நினைத்தால், இந்திய பாஸ்போர்ட்டில் விசாவில் இருப்பவர்களுக்குக் கனடா விசா வேண்டும், வாடகை வண்டியை எல்லை தாண்டிக் கொண்டுபோக நிறுவனத்தின் அனுமதியும் வேண்டும்.

13. திருப்பிக் கொடுக்கும் நாள்

காலை பதினொரு மணிக்குள் கொடுக்க வேண்டும் என்பார்கள், தாமதத்துக்கு மணிக்கணக்கில் பிடிப்பார்கள். மேடிசனிலிருந்து அன்றே கிளம்பி வந்து சேர முடியாது, 300 மைலுக்கு மேல். அந்த விஷயத்தில் நாங்கள் மாட்டிக்கொள்ளவிருந்தோம், கடைசி இரவை ரத்து செய்துவிட்டு ஐ-15 ஓரத்தில் ஒரு தனியார் இடத்தில் தங்கினோம். நீங்கள் முதலிலேயே கடைசி இரவை சால்ட் லேக்குக்கு ஒரு மணி நேரத் தூரத்தில் போடுங்கள். அங்கேயே இரண்டு தொட்டிகளையும் காலி செய்து, தரையைப் பெருக்கி, குளிர்பெட்டியைத் துடைத்துவிடலாம். தொட்டி காலி செய்யாமல் கொடுத்தால் தனிக் கட்டணம். பெட்ரோலை எடுத்த அளவுக்கு நிரப்பி ரசீதை வைத்துக்கொள்ளுங்கள், மைல் காட்டியையும் ஜெனரேட்டர் மணிக் காட்டியையும் படம் எடுங்கள், முதல் நாள் எடுத்த வீடியோவை அவர்கள் பார்க்கும்போது கையில் திறந்து வைத்திருங்கள். முன்பணம் திரும்பி வர எங்களுக்குப் பன்னிரண்டு நாள் ஆனது. மீந்த கரடி ஸ்ப்ரேயைப் பக்கத்து இடத்தில் அன்றுதான் வடக்கே கிளம்பிக்கொண்டிருந்த ஒரு குடும்பத்திடம் கொடுத்துவிட்டு வந்தோம்.